கன்னிக்காலில் விழுந்த காய்

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் அறுபதை நெருங்கும் வயது. அந்த அம்மா கைப்பையிலிருந்து காய்ந்து கறுத்த காய் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இஞ்சாருங்கோ, அங்கை பொறுக்கினனான். இதுதான் எங்கடை வீட்டு வளவின்ரை உறுதிப் பத்திரம்."

"உது சீமைக்கிளுவைக் காய்," என்றார் கணவர். "ஆமி பிடிச்சு வைச்சிருந்து இப்ப விட்ட காணி முழுக்க உதுதானே நிக்குது. வீடும் இல்லை, வேலியும் இல்லை. எங்கடை வளவு எது எண்டு உதை வைச்சு எப்பிடிச் சொல்லுறது?"

"சீமைக்கிளுவை தட்டையாயெல்லோ இருக்கும். இது விதைக்கு விதை இடுங்கிக் கிடக்கு, பாருங்கோ."

அவர் காயை வாங்கி உடைத்தார். உள்ளே கருஞ்சிவப்பாக மூன்று விதைகள்.

"முள்முருக்கு," என்றார் மெதுவாக.

"ஓம். எங்கடை கலியாணத்துக்கு முத்தத்திலை கன்னிக்காலாய் நட்ட முருக்கங்கொப்பு. அந்தப் பக்கம் வேறை முருக்கு இல்லை."

"அது பட்டுப்போச்செல்லோ?"

"நாங்கள் சண்டைக்குப் பயந்து ஓடேக்கை துளிர்க்காமல் நிண்டது. அவ்வளவுதான்."

பஸ் சுன்னாகத்தைத் தாண்டியது. பிறகு அந்த அம்மாதான் தொடங்கினார்.

"கன்னிக்கால் துளிர்க்கேல்லை, வந்தவளின்ரை ராசி அப்பிடி எண்டு உங்கடை அம்மா சாகுமட்டும் சொன்னவ."

கணவர் விதைகளை பஸ் டிக்கெட்டில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார்.

"அம்மாவின்ரை படத்துக்கு முன்னாலை வைக்கிறன்."

"வேண்டாம். அவவும் சீமைக்கிளுவை எண்டுதான் சொல்லுவா."