எழுபத்து நான்கு பெண்களும் இருபது பாட்டிலும்

தலைமையேற்றிருக்கும் மகளிர் மன்றத் தலைவி அவர்களே, முன்வரிசையில் முதுகு நிமிர்த்தி அமர்ந்திருக்கும் மூத்தோரே, பிள்ளையை மடியிலும் பையைக் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, விருந்துதோறும் தட்டேந்தி நின்று கால் கடுத்துப்போன பரிமாறும் தோழர்களே, அனைவரையும் வணங்குகிறேன்.

தலைவி என்னைச் 'சிக்கனத்தின் சிகரம்' என்று அறிமுகப்படுத்தினார். நாகரிகமாகச் சொன்னார். ஊர் சொல்வது வேறு. தங்கை மகள் கல்யாணத்தில் ஒயினைக் குறைத்துக் காசை மிச்சம் பிடித்த கஞ்சப் பிசினாரி நான். ஆறு ஆண்டுகளாகக் காதில் விழுகிறது. இன்று திருத்துகிறேன். பானம் வாங்கத் தங்கை தந்த பணத்தில் மீதி இருந்தது உண்மை. அன்றைக்கே உறையோடு தங்கையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் குற்றம் கஞ்சத்தனம் அல்ல. அதைவிடப் பெரியது.

விருந்துக்குப் பானங்களைத் திட்டமிடுவது எப்படி என்று பேசத்தானே அழைத்தீர்கள்? கேளுங்கள். முதல் மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு குவளை, பிறகு மணிக்கு ஒன்று. நான்கு மணி நேர விருந்துக்கு ஐந்து. ஒரு பாட்டிலில் ஐந்து குவளை வரும். ஆக, ஒயின் குடிப்பவர் ஒருவருக்கு ஒரு பாட்டில். எளிய கணக்கு. கன்னியர் மடப் பள்ளியில் கூட்டலை மேலிருந்து ஒருமுறையும் கீழிருந்து ஒருமுறையும் சரிபார்க்கச் சொல்லித் தந்தார்கள். அப்படியே செய்தேன். ஒயின் குடிக்கும் ஆண்கள் இருபது பேர், இருபது பாட்டில். மற்ற ஆண்களுக்குப் பீர். பெண்கள் எழுபத்து நான்கு பேர். எழுபத்து நான்கு பெயருக்கு நேரேயும் பழச்சாறு என்று எழுதினேன்.

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு.

பாட்டிலை எண்ணினேன், பனிக்கட்டியை எண்ணினேன், மேசைக்கு எத்தனை குவளை என்று பார்த்துப் பார்த்து அடுக்கினேன். ஒரு பெண்ணிடமாவது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேனா? கேட்கவில்லை. பெண்ணிடம் அப்படிக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். மரியாதையா அது? நானே எல்லாருக்கும் பதில் சொல்லிவிடும் திமிருக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒன்றேகால் மணி நேரத்தில் ஒயின் தீர்ந்தது. பழச்சாறு நுரை அடங்கி ஜாடியிலேயே நின்றது. 'ஐஸ் மாமா' என்று எல்லாரும் கூப்பிடும் பரிமாறுபவர் வந்து, ரெண்டு தெரு தள்ளிக் கடை திறந்திருக்கிறது, ஆள் அனுப்பட்டுமா என்றார். என் கணக்கு தப்பாது, ஜூஸைக் கொடுங்கள் என்றேன். அவர் ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

என் கணவர் இருந்திருந்தால் என்னிடம் சொல்லாமலே பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய் வந்திருப்பார். முப்பது ஆண்டுகள் என் கணக்கு தப்பாமல் இருந்ததற்கு அதுதான் காரணமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பிறகு என் தங்கை வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பத்து பாட்டில் போதும். எனக்காக."

நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"உன் சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்க இப்படிக் குடிப்பாங்கன்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்."

மாப்பிள்ளையின் தாய் இரண்டடி பின்னால் காலிக் குவளையோடு நின்றிருந்தார். ஒரு குவளைதான் குடித்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. குவளையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். மணமக்களை வாழ்த்திக் குவளை உயர்த்தியபோது அவர் இடம் காலியாக இருந்தது. அந்த வீட்டுக்கு வாழப் போன பெண், முதல் வருடம் முழுவதும் என் ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தங்கை அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

தாய்மார்களே, குறைந்த பாட்டிலைக் கடையில் வாங்கலாம். குறைந்த வார்த்தையை எந்தக் கடையில் வாங்குவது? "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஓடிப்போய்க் காரின் கதவைத் தட்ட எத்தனை நேரம் ஆகியிருக்கும்? ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை ஆறு ஆண்டுகளாக நான் செலவழிக்கவில்லை. அதில்தான் நான் கஞ்சம்.

நான்கு பேர் முன்னால் சொன்னதை நான்கு சுவருக்குள் திரும்பப் பெற முடியாது. ஆகவே இந்த மேடையில் சொல்கிறேன். சம்பந்தியம்மா, நீங்கள் இங்கே இல்லை, ஆனால் உங்கள் காதுக்கு இது வந்து சேரும்: தவறு என்னுடையது, மன்னியுங்கள். என் தங்கை மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவளுடைய இரண்டாவது மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

பொறுமையோடு கேட்ட இந்த அவைக்கு நன்றி. பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள், வணக்கம்.

தங்கச்சி, கல்யாணத்துக்கு நான் வரலாமா, வேண்டாமா? கணக்குப் போட இல்லை, உட்கார்ந்து பார்க்கத்தான். போன் வேண்டாம், ரெண்டு பேருமே பாதியில வச்சிடுவோம். ஒரு வரி எழுதி அனுப்பு.