டீசலுக்கு மட்டும் விளம்பரம்

ரஞ்சனி: குடுத்துட்டியா, இல்லியா? அத மட்டும் சொல்லுண்ணா.

அன்பரசு: அந்தப் பலகை மேல சாயாத அம்மிணி. லாரிக்கு மொதக் கோட்டு அடிச்சு ஒரு மணி நேரங்கூட ஆகல. சுடிதாரெல்லாம் ஒட்டிக்கும்.

ரஞ்சனி: ஒட்டட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லு.

அன்பரசு: லேப்ல இருந்து நேரா வர்றியா? சோறு உண்டியா?

ரஞ்சனி: நாளெல்லாம் கோழித் தீவனத்த மோந்து மோந்து பாத்துட்டு எனக்குச் சோறே எறங்கறதில்ல. அரை நாள் பர்மிசன் போட்டு, ரெண்டு பஸ் மாறி, உன்ர பட்டறைய விசாரிச்சு விசாரிச்சு வந்திருக்கறேன். சோத்துக் கதை பேசறதுக்கு வரல. உன்ர லாரி கேம் சைட்டோட பாஸ்வேர்டை அந்தச் சேலத்துக்காரனுக்குக் குடுத்துட்டியா?

அன்பரசு: இன்னும் இல்ல. நாலு மணிக்குக் கேட்டிருக்கறான்... உனக்கு யாரு சொன்னா?

ரஞ்சனி: அம்மா. உங்கண்ணன் கம்ப்யூட்டர்ல வெச்சிருந்த லாரிப் படத்தையெல்லாம் ஒருத்தன் வெலைக்குக் கேக்கறானாமா, நம்ம பையனுக்கு நல்ல காலம்னு சந்தோசமாச் சொல்லுது. அதுக்கென்ன தெரியும் பாவம். வாங்கறவன் யாருன்னு நான் தேடிப் பாத்தேன். பதினோரு சைட்டு வெச்சிருக்கறான். பூராத்தையும் தொறந்தேன். கோலப் படம் எடுக்கப் போனா ரம்மி ஆப்பு எறங்குது. ஜாக்கெட் அளவு எடுக்கப் போனா கிரிக்கெட் பந்தயம்.

அன்பரசு: எல்லாச் சைட்லயும் விளம்பரம் இருக்கத்தான செய்யும்.

ரஞ்சனி: விளம்பரமும் அதுவும் ஒண்ணா? டவுன்லோடுன்னு நாலு பச்சைப் பட்டன். நாலும் பொய்யி. நெசமானது கீழ எறும்பாட்டம் ஒரு எழுத்துல கெடக்குது. உன்ர சைட்டுக்கு யாரு வர்றாங்கன்னு தெரியாம இருக்கறியா?

அன்பரசு: தெரியும்.

ரஞ்சனி: தெரிஞ்சுதான் குடுக்கறியா? கெங்கவல்லில இருந்து ஒரு புள்ள எழுதிச்சே. போன்ல லாரி ஓட்டற கேம்ல எங்கப்பா ஓட்டற வண்டி வேணும், அதே பச்சை மூக்கு, அதே நம்பருன்னு. அப்பா மாசத்துல ரெண்டு நாள்தான் ஊட்டுக்கு வாராரு, மிச்ச நாளு நான் அந்த வண்டிய ஓட்டிக்கறேன்னு. நீ ரெண்டு வாரம் உக்காந்து அந்தப் பச்சைய சரி பண்ணுனியே. அந்தப் புள்ள நாளைக்கு வந்து பட்டனத் தொட்டா என்ன எறங்கும்?

அன்பரசு: கோவமா இருக்கற. சித்தெ தண்ணி குடி சாமி.

ரஞ்சனி: எனக்குத் தண்ணி வேண்டாம். போன் அடிக்குது பாரு. அவனா?

அன்பரசு: அவந்தான்.

ரஞ்சனி: எடுக்காத. மூணே காலுதான் ஆவுது. அதுக்குள்ள என்ன அவசரம் அவனுக்கு... வேற விளம்பரக் கம்பெனிகிட்டக் கேட்டயா?

அன்பரசு: எவனும் எடுக்க மாட்டேங்கறான். மொதல்ல விளம்பரம் குடுத்த கம்பெனிக்காரன் என்ர கணக்க நிறுத்தி எட்டு மாசம் ஆச்சு. தப்பான கிளிக்கு வந்திருக்குது, இனிமேல் உங்களுக்கு விளம்பரம் கெடையாதுன்னு ஒரு மெயில். ரெண்டு தடவை எழுதிப் போட்டேன். மெசினு பதில் போட்டுச்சு. கோவிச்சுக்கறதுக்குக் கூட அதுல ஒரு ஆளு பேரு இல்ல.

அன்பரசு: என்ன, மூஞ்சியத் திருப்பிக்கற?

ரஞ்சனி: ஒண்ணுமில்ல. சர்வருக்கு வருசா வருசம் வாடகை கட்டோணும். அவ்வளவுதான? என்ர சம்பளத்துல கட்டறேன். விளம்பரமே வேண்டாம்.

அன்பரசு: வாடகைய நானே கட்டீருவேன். அதில்ல சங்கதி. மோகன் என்னைய உட்டுட்டு எடப்பாடில உக்காந்துக்கிட்டதுக்கப்பறம் ஒரு புது வண்டி ஏறல. நான் பெயிண்டுக்காரன். பட்டறைலயும் அதான், கேமுக்குள்ளயும் அதான். கேமுக்குள்ள பாடி கட்டறவன் அவன். டயரு, கண்ணாடி, கேபினு, பின்னாடி தொங்கற சங்கிலி வரைக்கும் அவன் கை. பாடி இல்லாம நான் எது மேல பெயிண்டு அடிக்கறது?

ரஞ்சனி: எடப்பாடி என்ன சீமையிலயா இருக்குது? போயிக் கூப்புடு.

அன்பரசு: எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு? கேம் ஆடறவிங்க எண்ணூறு பேரு இருக்கற குரூப்புல, கூடவே இருந்து பொய்க் கிளிக்குப் போட்டுக் கெடுத்துட்டான்னு எழுதிப் போட்டவன் நானு.

ரஞ்சனி: அவரு என்ன சொன்னாரு?

அன்பரசு: ஒண்ணுஞ் சொல்லல. ஆறு வருசமாச் செஞ்ச அறுபத்திரெண்டு வண்டியையும் சைட்ல இருந்து எடுத்துட்டான். எடுத்துட்டு, 'நல்லா இரு'ன்னு ஒரு வரி அனுப்புனான். நாலு கெட்ட வார்த்தை பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன். இப்ப சைட்டத் தொறந்தா, அவன் வண்டி நின்ன எடமெல்லாம் வெறும் கட்டமா நிக்குது. அதப் பாக்க முடியல. எவனோ ஒருத்தன் எடுத்துட்டுப் போயித் தொலையட்டும்.

ரஞ்சனி: அண்ணா... உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். முடிக்கற வரைக்கும் நடுவுல பேசாத.

அன்பரசு: வேலைய உட்டுட்டியா?

ரஞ்சனி: பேசாதன்னேன்.

அன்பரசு: யாரையாச்சும் புடிச்சிருக்குதா? இருந்தா சொல்லு, அய்யங்கிட்ட நான் பேசறேன். ஆளு மட்டும் குடிக்காதவனா...

ரஞ்சனி: அண்ணா.

அன்பரசு: சரி. பேசல.

ரஞ்சனி: போன வருசம் காலேஜ்ல ஒரு நாளு, அவிங்கவிங்க ஊட்டு ஆளுங்க செய்யற ஏதாச்சும் ஒண்ணக் காட்டுங்கன்னாங்க. எங்கண்ணன் பெரிய டிசைனர், அவர் சைட்ட காட்டறேன்னு நான் எந்திரிச்சுப் போனேன். பெரிய தெரை. நூத்திருவது பேரு. உன்ர சைட்டத் தொறந்தேன். லாரி வர்றதுக்கு முன்னாடி, தெரை பூராவும் ஒரு பொம்பள. 'நாமக்கல்லில் உங்களுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள்'னு.

அன்பரசு: ஐயோ... அதெல்லாம் நான் வெக்கறதில்ல அம்மிணி. கம்பெனிக்காரன் அவனா அனுப்பறது. நான் பாத்துப் பாத்து எடுத்து உட்டுட்டுத்தான் இருந்தேன்.

ரஞ்சனி: இப்பத் தெரியுது. அன்னிக்குத் தெரியல. மூட நான் கிளிக் பண்ணப் பண்ண அது இன்னும் ஒண்ணத் தொறக்குது. உங்கண்ணன் நடத்தறது லாரிச் சைட்டா, லாட்ஜ் சைட்டான்னு பின்னாடி இருந்து ஒருத்தன் கேட்டான். சாரும் சிரிச்சாரு.

அன்பரசு: யாரு அந்தப் பையன்?

ரஞ்சனி: யாராயிருந்தா என்ன. எனக்குத் தலை எறங்கிப் போச்சு. ஆஸ்டலுக்கு வந்து எல்லாப் புள்ளைங்க போன்லயும் விளம்பரத்த மறைக்கற ஆட் பிளாக்கரப் போட்டு உட்டேன். அதோட நிக்கல. இந்தச் சைட்ல விளம்பரமே இல்லாம வண்டி எடுக்கறது எப்படின்னு படம் போட்டு ஒரு குறிப்பு எழுதி, பேரில்லாம குரூப்புல போட்டேன்.

அன்பரசு: அந்த ஏழு படக் குறிப்பா? அது நீயி எழுதுனதா?

ரஞ்சனி: ஆமா.

அன்பரசு: அது ஊரெல்லாம் சுத்துச்சே. நானே படிச்சுட்டு, எவனோ நல்லாப் படிச்சவன், ஒரு பிழை இல்லாம எழுதியிருக்கறான்னு மோகன்கிட்டச் சொன்னேன்.

ரஞ்சனி: சிரிக்காத. ரெண்டே மாசத்துல உனக்கு வர்ற விளம்பரக் காசு நின்னு போச்சு. அப்பறந்தான் நீ அந்த அறிவிப்பு வெச்ச. பிளாக்கர் போட்டுட்டு வந்தா மொதல்ல அதுதான் தெரியும். 'வண்டிய சும்மா எடுத்துக்கங்க. டீசலுக்கு மட்டும் விளம்பரத்தப் பாத்துட்டுப் போங்க. இப்படிக்கு அன்பரசு, பெயிண்டர்.'

அன்பரசு: அதுக்கென்ன?

ரஞ்சனி: பெயிண்டர்னு எதுக்குப் போட்ட?

அன்பரசு: வேற என்னத்தப் போடறது?

ரஞ்சனி: அதான். நான் நூத்திருவது பேருகிட்ட டிசைனர்னு சொல்லி வெச்சிருந்தேன். நீ ஊரறிய பெயிண்டர்னு போட்டுக் கை நீட்டி நிக்கற... அன்னிக்கு என்னால சாப்புட முடியல.

அன்பரசு: அட, இதுக்கா இத்தனை மூச்சு வாங்குன? உடு. பிளாக்கர் போடாதவன் எவன் இருக்கறான்? மத்தவன் சைட்டுக்கு நானே போட்டு வெச்சிருக்கறேன்.

ரஞ்சனி: இன்னும் முடியல. நேராப் பணம் குடுத்தா நீ வாங்க மாட்ட. உன்ர சம்பாத்தியத்துல படிக்கற நான் எங்க போயிக் குடுக்கறது. அதனால ஒவ்வொரு ரூமாப் போனேன். நாப்பது புள்ளைங்க. எல்லாத்து போன்லயும் பிளாக்கர எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டு, அண்ணன் சைட்டத் தொறந்து வர்ற விளம்பரத்தையெல்லாம் அமுக்குங்கடி, ஆளுக்குப் பத்துத் தடவைன்னேன். ஒரு அமுக்குக்கு ஒரு காசுன்னாலும் உனக்குத் தெரியாமயே வந்து சேந்துரும்னு... சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா. மூணு வருசம் கெமிஸ்ட்ரி படிச்சேன். வேணும்னு அமுக்குனா அத மோசடின்னு புடிப்பாங்கன்னு தெரியல.

அன்பரசு: எத்தனை நாளு?

ரஞ்சனி: பத்து. பதினோராம் நாளு தொறந்தா விளம்பரமே வரல. எங்கண்ணனுக்கு வேணுங்கறது சேந்துருச்சு, அதான் விளம்பரத்த எடுத்துட்டாருன்னு சொன்னேன். புள்ளைங்க கை தட்டுச்சுங்க.

அன்பரசு: கை தட்டுச்சுங்களா...

ரஞ்சனி: அந்த வாரக் கடைசி ஊட்டுக்கு வர்றேன். நீ வாசல்ல நின்னு போன்ல யாருகிட்டயோ மோகனண்ணனப் பத்திப் பேசிட்டிருக்கற. துரோகி, கூட உண்டுட்டுக் குழி பறிச்சவன்னு. அப்பவே வாயத் தொறந்திருக்கோணும். தொறக்கல. நீ ஒறம்பறைக்கெல்லாம் எங்கூட்டுல மொதப் பட்டம் என்ர தங்கச்சிதான்னு சொல்லிட்டுத் திரியற. அந்தப் பட்டதாரி இந்தக் காரியம் பண்ணியிருக்கறான்னு எப்படிச் சொல்றது? எட்டு மாசமாப் பாக்கறவிங்க மேலயெல்லாம் எரிஞ்சு உழறேன். அம்மா மேல, லேப்ல இருக்கறவிங்க மேல, இன்னிக்கு உன்ர மேல. யாரு மேல கோவம்னு எனக்குத் தெரியாமயா இருக்குது...

அன்பரசு: அழுவாத. உள்ள ஆளுங்க பாக்கறாங்க.

ரஞ்சனி: பாக்கட்டும். நீ எந்திரி. வண்டியெடு. இப்பவே எடப்பாடிக்குப் போலாம். மோகனண்ணன்கிட்ட நான் சொல்றேன். குரூப்புல எண்ணூறு பேருக்கு முன்னால நானே எழுதறேன். கிளிக் பண்ணுனது அவரில்ல, நானு. எங்கண்ணன் தெரியாமச் சொல்லீட்டாருன்னு. அவரு மனசு எறங்குவாரு. அவரு பாடி கட்டட்டும், நீ பெயிண்டு அடி. சேலத்துக்காரன் நாலு மணிக்குக் கூப்புட்டுட்டுப் போகட்டும். என்னண்ணா, இப்படிப் பாக்கற? திட்டு. அறையறதா இருந்தா அறை. எதாச்சும் பேசு.

அன்பரசு: ஏழுல இருந்து எட்டு.

ரஞ்சனி: என்னது?

அன்பரசு: கிளிக்கு. பத்து நாளும் அந்த ஒரு மணி நேரந்தான். ஊரு பேரு, மணி, எல்லாம் போட்டு அந்தக் கம்பெனி ஒரு பட்டியல் காட்டும். ஊரு உன்ர காலேஜ் இருக்கற ஊரு. மணி, உங்க ஆஸ்டல்ல வார்டன் பீரோவத் தொறந்து போனக் கையில குடுக்கற மணி. நீ எனக்குக் கூப்புடறதும் அப்பத்தான. அந்தப் பத்து நாளும் நீ கூப்புடல.

ரஞ்சனி: உனக்குத்... தெரியுமா? எப்ப இருந்து?

அன்பரசு: மெயில் வந்த அன்னிக்கே.

ரஞ்சனி: தெரிஞ்சுமா... அப்பறம் எதுக்கு மோகனண்ணன?

அன்பரசு: அவன் அன்னிக்கே கெளம்பி வந்துட்டான் அம்மிணி. எடப்பாடில இருந்து, தறிய ஓட உட்டுட்டு, போட்ட பனியனோட. பட்டியலக் காட்டுடா, எவன்னு ரெண்டு நிமிசத்துல புடிச்சுக் குரூப்புல பேரப் போட்டு நாறடிக்கறேன்னான். எனக்காகத்தான் குதிச்சான். மூணு தடவை கேட்டான். காட்டியிருந்தா உன்னையத்தான் புடிச்சிருப்பான், அவ்வளவு கெட்டிக்காரன். மூணாந் தடவை கேக்கறப்ப, நீதான்டா அதுன்னு சொல்லிப் போட்டேன். நீ எழுதலாம், எண்ணூறு பேரும் நம்புவாங்க. தெரியாமப் பழி போட்டிருந்தா அந்த வாரமே போயி அவன் கால்ல உழுந்திருப்பேன். தெரிஞ்சே போட்டேன்.