அவர் மாட்டிய கொக்கி

எழுபதுகளில் ஒரு பிற்பகல், திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். முன் சீட்டில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பெண்கள்.

"குளிக்கையிலயும் நான் இதக் கழத்துறதில்லக்கா," என்றாள் தங்கை.

அவள் கழுத்தில் ஒரு கவரிங் சங்கிலி. பிடரிப் பக்கம் கறுத்திருந்தது.

"பொறவு ஏன் கறுக்காது? சோப்பும் வேர்வையும் கவரிங்குக்கு ஆகுமா ஏளா? ராத்திரி கழத்தித் தொடச்சு, பஞ்சுல சுத்தி டப்பாவுல வையி."

"மாட்டேங்கா. கப்பல் ஏறுன அன்னைக்கு அவிய தன் கையால மாட்டிவிட்டது. திரும்பி வந்ததும் தங்கத்துல போடுதேன், அதுவரைக்கும் இது கெடக்கட்டும்னாவ."

"ஒன்றர வருசமாச்சே. லெட்டராவது வருதா?"

"மாசிக்குப் பொறவு இல்ல." அவள் குரல் இறங்கியது. "அவிய மாட்டுன கொக்கி. அவிய வந்துதான் கழத்தணும்."

அக்காள் முந்தானை நுனியை எடுத்து, கொக்கியை மட்டும் விட்டுவிட்டு, தங்கையின் கழுத்தில் கிடந்தபடியே சங்கிலியைத் துடைக்கத் தொடங்கினாள். தூரத்தில் துறைமுகம் தெரிந்தது. தலையை அசைக்காமல் தங்கை கேட்டாள்:

"புதுசா கப்பல் எதுவும் நிக்குதாக்கா?"