இறுகும் வரை

கோவிந்தாபுரத்தில் எங்கள் பழைய நெல் குடோனைத்தான் பட்டறையாக வைத்திருக்கிறேன், சார். கணவாய்க் காற்று எந்நேரமும் அடிக்கும். அச்செடுக்கும் மாவை இளக்கமாகக் கரைக்காவிட்டால் வாளியிலேயே கட்டியாகிவிடும். மற்றபடி குறை சொல்ல முடியாத இடம்.

தோட்டத் தொழிலாளர்களின் கை, கால், முகம் எல்லாவற்றையும் தனித்தனியாக அச்செடுத்துக் கம்பியில் தொங்கவிடும் சிற்பத்தொகுதி ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தேன். முதலில் எடுத்தவை உயிரில்லாமல் இருந்தன. சும்மா படுத்திருப்பவர் கைக்கும் கையுறைக்கும் என்ன வித்தியாசம்?

செல்வலட்சுமி மூணாறு பக்கம் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். கணவர் தங்கதுரை அவரை ஜீப்பில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வண்டிக்கு ஏதோ சாமான் வாங்கக் கொல்லங்கோட்டுக்குப் போனார்.

முகத்தில் மாவு பூசும் முன் அந்தப் பெண் கேட்டார். "மூச்சு முட்டுச்சுன்னா இடது கையத் தூக்குறேன் சார். ஒடனே எடுத்துருவீங்கல்ல?"

"பக்கத்துலயேதானுங்க இருப்பேன். பயப்படாமப் படுத்துக்குங்க."

அதில் பொய் இல்லை. நான் நகரவே இல்லை.

மூக்கில் செருகிய குழாய்களுக்குள் மாவு இறங்கிவிட்டது. இடது கை உயர்ந்தது. அதே நேரம், கை அச்சுக்காக வாளி மாவுக்குள் விட்டிருந்த வலது கை, எதையோ பிடிக்கப் போவதுபோல் பாதி மடங்கி விறைப்பது மணிக்கட்டிலேயே தெரிந்தது. நான் மாதக்கணக்காகத் தேடியது அந்தக் கையைத்தான். முகத்து அச்சை எடுத்தால் அது தளர்ந்துவிடும். மாவு இறுகக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

இடது கை முகத்துக்குப் போகப் பார்த்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகத்தான். குதிகால் பெஞ்சில் அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. எடுத்திருக்கலாம், சார். எடுக்கவில்லை.

குழாய் நழுவிய விபத்து என்று அன்று ஸ்டேஷனில் நான் சொன்னதை நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள்.

கண்காட்சிக்குத் தங்கதுரை வந்தார். மற்றவர்கள் போன பிறகும் அந்தக் கைக்குக் கீழேயே நின்றார். விரல்களைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"இவ எதப் பிடிக்கப் பாக்குறா சார்?"

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. விமர்சகர்கள் ஒளியைப் பற்றிப் பேசினார்கள், கம்பியைப் பற்றிப் பேசினார்கள். இவர் ஒருவர்தான் நேராகக் கேட்டார். எனவே இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவருக்கு விளக்கினேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவில்லை. என் படைப்பு ஒருவரை இந்த அளவுக்கு உலுக்கி நான் பார்த்ததே இல்லை.