ஜன்னலுக்கு வெளியே ஒரு கணவன்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம் தம்பதி. அவளுடைய லேப்டாப் பை கணவனின் மடியில் இருந்தது.

"இப்ப நான்தான் உங்க புரொபசர். சொல்லும்மா, மல்லாட்டைச் செடி இலையில ஏன் கறுப்புப் புள்ளி வருது?" என்றான் அவன்.

கல்லூரியில் இன்று அவளுக்கு நிலக்கடலை நோய் பற்றி செமினார் என்று புரிந்தது.

"அது ஒரு பூஞ்சை, மாமா. காத்துல பரவும். ஈரம் ஜாஸ்தியானா..."

"புரொபசரை மாமான்னு கூப்டா மார்க்கு வராது."

"விளையாடாதீங்க. உங்ககிட்ட நல்லாதான் வருது. அங்க போய் நின்னா எல்லாம் மறந்துடுது. போன தடவை அழுதுட்டு உக்காந்துட்டேன். இன்னிக்கும் அழுதேன்னா படிப்பை நிறுத்திடுவேன்."

அவன் மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்தான். பிறகு, "அந்த ரூமுக்கு ஜன்னல் இருக்குதா?" என்றான்.

"இருக்குது. எதுக்கு?"

"வெளிய நிக்கறேன். என்னைப் பாத்து சொல்லு."

நான் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். வெளியாள் வகுப்பறை ஜன்னலருகே நிற்க, துறைத்தலைவரின் பரிந்துரையோடு முதல்வருக்கு மனு கொடுக்க வேண்டும். பதில் வருவதற்குள் அவள் பட்டமே வாங்கிவிடுவாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஐயோ, வேணாம் மாமா. உங்க மூஞ்சியப் பாத்தா சிரிச்சிடுவேன்."

"சிரிச்சிக்கினே சொல்லு. அழுதாத்தானே படிப்பை நிறுத்துவேன்னு சொன்ன?"