மட்கார்டில் ஒரு பச்சைக் கோடு

வெள்ளைக் காருக்கு மெருகேற்றுவது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த வெள்ளை சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும், தொட்டால் கையில் மாவு ஒட்டும். அதில் ஓர் இடத்தை மட்டும் தேய்த்துவிட்டால் அந்த இடம் தனியாக மின்னிக்கொண்டு எல்லாரையும் கூப்பிடும். அதனால் வெள்ளையில் கை வைத்தவன் முழுக் காரையும் முடித்தாக வேண்டும். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஐயா. மற்றதெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

என் பெயர் க்ரோஸ்தான். இந்தக் காலினெட்ஸ் ஊரில் முப்பத்தொரு வருடமாகக் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். ஒரு வெள்ளையைப் பார்த்தால் அது எந்த வண்டியின் வெள்ளை, எத்தனை வருடத்து வெள்ளை என்று சொல்லிவிடுவேன். டான்யூப் ஆற்றங்கரை வரைக்கும் இதற்காக என்னைத் தெரியும். என் சொந்தக் கார் மட்டும் வாங்கிய நாளிலிருந்து கவனிப்பாரில்லாமல் மங்கிப்போயிருந்தது. தபால்காரி ஸ்லாட்கா கடிதம் கொண்டுவரும்போதெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவாள். "ஊர் மூஞ்சியெல்லாம் மழிச்சு விடுற, உன் மூஞ்சில மட்டும் காடு வளக்குற" என்பாள்.

அவள் சைக்கிளுக்குப் பச்சை அடித்ததும் நான்தான். டிராக்டர் பச்சை, யாரோ ஒருவர் வீட்டுக் கதவின் மஞ்சள், கொஞ்சம் நீலம். மூன்று டப்பாக்களின் அடியைச் சுரண்டிக் கலந்தேன். அந்தப் பச்சை வேறு எங்கும் கிடையாது. அவள் புருஷன் மனோல் என்னோடு பட்டாளத்தில் இருந்தவன், என் ஒரே சிநேகிதன்.

போன வருடம் மார்ச் கடைசி, காலை எட்டு மணி. ஆற்றுப் பாதை வளைவில் இருக்கிற ப்ளம் மரம் அன்றுதான் பூத்திருந்தது. ஸ்லாட்கா ஒரு கையில் சைக்கிளைப் பிடித்தபடி, மார்ச் முழுக்க மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நூலை, மரம் பூத்ததும் கட்டுகிற ஊர் வழக்கப்படி, எட்டி ஒரு கிளையில் கட்டிக்கொண்டிருந்தாள். காரில் வந்துகொண்டிருந்த எனக்கு எதிர்வெயில். சிகரெட்டும் பற்றவைத்துக்கொண்டிருந்தேன், அதை மறைக்கவில்லை. சத்தம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை.

இறங்கிப் பார்த்தேன். பள்ளத்தில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது, பேசவும் செய்தாள். என்ன பேசினாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். ரத்தம் அதிகம் இல்லாததால் பெரிய அடி இல்லை என்று நினைத்தேன். அடிபட்டவர்களை நாமாகத் தூக்கக்கூடாது என்று பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் பட்டறையில் டெலிபோன் இருந்தது, ஆறு நிமிடத் தூரம். போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

பட்டறை வாசலில் இறங்கியபோதுதான் வலது பக்க முன் மட்கார்டில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தேன். நசுங்கல் இல்லை, ஒரு சாண் நீளத்துக்குக் கோடு மட்டும். மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு பச்சை. எனக்கு அப்படி இல்லை. துடைத்துவிட்டுப் போன் செய்யலாம் என்று தோன்றியது. காம்பவுண்ட் என்கிற மெருகுப் பசையைத் தொட்டுத் தேய்த்தால் இரண்டு நிமிட வேலை. துணியில் முதலில் பச்சை வந்தது, பிறகு வெள்ளை வந்தது. கோடு போய்விட்டது. ஆனால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மட்கார்டு முழுவதையும் செய்தேன். அது பானட்டைக் கேவலமாகக் காட்டியது. பானட்டைச் செய்தேன், இடது மட்கார்டு மிச்சம். அப்புறம் கதவுகள், கூரை, டிக்கி. இந்த வேலையில் அவசரப்பட்டால் வட்ட வட்டமாகத் தடம் விழும். கடைசித் துணி போட்டு முடித்தபோது பதினொன்றரை. காரைச் சுற்றி வந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதினொன்றேகாலுக்கே அவளை ஓர் ஆட்டுக்காரர் பார்த்திருக்கிறார். அப்போதும் உயிர் இருந்தது, பேச்சுதான் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டாள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். இதை என்னிடம் சொன்னவன் மனோல்.

மறுநாள் அவன் வந்தபோது கார் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பார்த்ததும் உடைந்துபோனான்.

"அவளுக்காகவா பண்ணின? எத்தன வருஷமா கேலி பண்ணிட்டே இருந்தாளேடா."

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவன் ஆசைப்படி சவப்பெட்டிக்குப் பின்னால் என் கார்தான் போனது. மலர்வளையங்கள் பின் சீட்டில் இருந்தன. மனோல் என் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வழி முழுக்க அவன் கை என் தோளில் இருந்தது.

கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் தாளை என் பட்டறைக் கதவிலும் ஒட்டினான். நாற்பதாம் நாள் புதுத் தாள், பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம். காற்றில் மூலை கிளம்பினால் என் நல்ல டேப்பை எடுத்து நான்தான் ஒட்டுவேன். ஸ்லாட்கா அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பாள். நாற்பதாம் நாள் அவள் பேரில் கொடுத்த அவித்த கோதுமையை மற்றவர்களோடு நின்று நானும் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனோலுக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனைக் கவனித்துக்கொள்ள என்னை விட்டால் ஆள் இல்லை.

ஏதோ ஒரு லாரியாக இருக்கும் என்று வழக்கை மூடிவிட்டு, இந்த மார்ச்சில் சைக்கிளை அவனிடம் திருப்பிக் கொடுத்தீர்கள். அவன் நேராக என்னிடம் உருட்டிக்கொண்டு வந்தான். கைப்பிடிக்குக் கீழே விரலகலத்துக்கு வெள்ளை ஒட்டியிருந்தது.

"போலீஸ்காரங்க ஊர்ல பாதி வண்டி வெள்ளதான்னு சொல்லிட்டாங்க. உனக்குப் பாத்தாலே தெரியும்ல. இது யார் வண்டின்னு மட்டும் சொல்லு, போதும்."

வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், நாளைக்கு வா என்று அனுப்பினேன். அவன் போனதும் தேய்த்தேன். அது என் கையின் பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் அவன் வந்தான். வெறும் அழுக்குதான் மனோல், துடைத்ததும் போய்விட்டது என்றேன். அவன் குனிந்து பார்த்தான். துருவும் தூசியுமாக மங்கிக் கிடந்த சைக்கிளில் அந்த ஓரிடம் மட்டும் பச்சைப்பசேலென்று மின்னியது. இந்த முறை முழுவதையும் தேய்க்க எனக்குத் தோன்றவில்லை. மனோல் நிமிர்ந்து, வாசலில் நின்ற என் காரைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நீ இத அப்பிடியே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே செய்யாதுடா" என்றான்.

அடிப்பான் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. கதவில் இருந்த இரங்கல் தாளை, மூலை கிழியாமல், மெதுவாக உரித்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். சைக்கிளை உருட்டிக்கொண்டு உங்களிடம் வந்தான்.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அவளுக்குத்தான் உன்னை அடையாளம் தெரிந்துவிட்டதே, பிறகு கோட்டை அழித்து என்ன பயன் என்று. அது எனக்குத் தோன்றவில்லை என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். தோன்றியது. பானட்டை முடித்தபோது தோன்றியது. டெலிபோன் பக்கத்து மேஜையில்தான் இருந்தது. அவள் இருக்கும்வரை இந்த மெருகுக்கு அர்த்தமில்லை என்று புரிந்தது. அதன் பிறகுதான் கதவுகளைத் தொட்டேன். அவசரப்படாமல் தேய்த்தேன்.

அவள் பேசியதையும் எழுதிவிடுகிறேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போகிறேன் என்றதும் என் சட்டைக்கையைப் பிடித்தாள். "பதறாத க்ரோஸ்தான். வேகமா ஓட்டாத, பாலத்துகிட்ட பாத்துப் போ. நான் இங்கதான இருக்கேன்" என்றாள்.

அவள் பேச்சை நான் தட்டவில்லை என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.