குளிர்ந்ததில் இனிப்பு தெரியாது

பழத் தேநீர் போடுகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கரையில்தான் தவறு செய்கிறார்கள். சூடாக இருக்கும்போது ருசி பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஐஸ் போட்டதும் அது பச்சைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நாக்கு குளிர்ந்துபோனால் இனிப்பை உணராது. ஆகவே சூட்டில் குடித்தால் திகட்டுகிற அளவுக்குப் போடவேண்டும். குளிர்ந்த பிறகு கணக்காக இருக்கும். இந்தக் கைப்பக்குவத்தை நான் ஒருவரிடமும் மறைத்ததில்லை.

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. பன்னிரண்டு மாதமும் அதுதான். ஆனாலும் நோன்புப் பெருநாள் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், டன்லப் தெருவில் எங்கள் வீட்டு மாடியில் பெண்கள் கூடுவார்கள். காலையிலேயே ஐஸ் வண்டிக்காரனிடம் ஒரு கட்டி வாங்கி, ஒட்டியிருக்கும் மரத்தூளைக் கழுவி, சாக்கில் போட்டு உடைப்பேன். அன்னாசித் தோலைக் கிராம்போடு கொதிக்கவிட்டு, கற்கண்டைக் கரைத்து, தேயிலைச் சாற்றை மெல்லிய துணியில் வடித்துக் கலப்பேன். நன்றாக ஆறிய பிறகுதான் ஐஸ் போடவேண்டும். அவசரப்பட்டால் கலங்கிவிடும். "ரபியா வூட்டுத் தேத்தண்ணி" என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ரபியா நான்தான்.

என் கணவர் ஒலி முகம்மதுக்குச் சிராங்கூன் ரோட்டில் மளிகைக் கடை. அவருக்கு நாகூரில் ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரிந்துதான் நான் கழுத்தை நீட்டினேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை. ஐம்பத்தாறில் அந்த மனைவியைக் கப்பலில் இங்கே வரவழைத்தார். பெயர் ருக்கையா. எனக்கு மூத்தவர் என்பதால், அக்காளை எங்கள் பக்கத்தில் அழைப்பதுபோல, லாத்தா என்று அழைத்தேன். அவருடைய ஒரே மகள் ஊரில் தம்பி வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

சக்களத்திச் சண்டை பார்க்கலாம் என்று தெருவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. பாவம், எல்லோரும் ஏமாந்துபோனார்கள். லாத்தா மிக நல்லவர். குரல் உயர்த்தத் தெரியாது. என் தேநீரை முதன்முதலில் குடித்த அன்று, காலியான குவளையை மோதிர விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "இன்னும் கொஞ்சம் தாம்மா" என்றார். பச்சைக் கல் மோதிரம். கண்ணாடியில் பட்டால் கிண் கிண் என்று சின்னதாக ஒரு சத்தம் வரும்.

அடுத்த ஞாயிறு நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். எதிர்வீட்டு உம்மு சல்மா என்னைத் தாண்டிப் பார்த்து, இந்த ஊர் வழக்கப்படி லா போட்டு, "வூட்டுக்காரம்மா எங்க லா? அவங்களுக்கு மொதல்ல குடுங்க" என்றாள். அதுவரை அந்த வீட்டுக்காரம்மா நான். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த மாடியில் நான் சொன்னதுதான் சட்டம். லாத்தா பதறிப்போய், "ரபியாதாம்மா வூட்டுக்காரி. நா விருந்தாளி" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விட்டுக்கொடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரும் அவர் பெருந்தன்மையைப் பார்த்து உருகிப்போனார்கள். நான் குவளைகளை நீட்டிக்கொண்டே போனேன்.

இரண்டு வருடம் கழித்து லாத்தாவுக்குத் தாகம் ஆரம்பித்தது. எவ்வளவு குடித்தாலும் அடங்காது. உடம்பு இளைத்தது, காலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் கிடந்தது. நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் சீனர். ஆங்கிலமும் மலாயும் பேசுவார். லாத்தாவுக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. நான் கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள். ஆகவே டாக்டர் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை டாக்டருக்கும் நான்தான் சொல்லவேண்டும்.

சிறுநீரை நீல மருந்தில் கலந்து டாக்டர் சூடுகாட்டினார். அது செங்கல் நிறமாயிற்று. முகத்தைச் சுளித்துக்கொண்டு கொஞ்சநேரம் பேசினார். பேசி முடித்து, அவரிடம் சொல்லுங்கள் என்று எனக்குக் கைகாட்டினார்.

"ஒடம்புச் சூடுதானாம் லாத்தா. நெறையக் குடிக்கச் சொல்றாரு" என்றேன்.

லாத்தா முகம் மலர்ந்து டாக்டருக்குச் சலாம் சொன்னார். தான் சொன்னதைப் புரிந்துகொண்டுதான் சலாம் சொல்கிறார் என்று நினைத்து டாக்டரும் தலையசைத்தார். ஒரே அறையில் மூன்று பேர் இருந்தோம். மூவரும் திருப்தியாக இருந்தோம்.

வீட்டில் என் கணவர் கேட்டதற்கும் அதையேதான் சொன்னேன். அவர் கடை நெருக்கடியில் இருந்தார். என் வார்த்தையை நம்பினார். குளியலறை ஓரத்தில் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. அதைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் விஷயம் புரிந்துவிடும். ஆகவே விடிந்ததும் நானே வெந்நீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். வேலைக்காரி இருந்தும் அந்த வேலையை நான் அவளிடம் விட்டதில்லை.

டாக்டர் உண்மையில் சொன்னது இதுதான்: "இவருக்கு இனிப்புநீர் வியாதி. முற்றியிருக்கிறது. சர்க்கரை வாயில் படக்கூடாது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஊசி தொடங்குங்கள். இல்லையென்றால் பிழைக்கமாட்டார்." எனக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும்.

நான் எதிலும் எதையும் கலக்கவில்லை. விருந்தாளிகள் குடித்த அதே ஜாடிதான். அவர் தட்டினார், நான் ஊற்றினேன். தாகம் என்று கேட்கிறவரிடம் இல்லை என்று சொல்வது எந்த வேதத்தில் இருக்கிறது? சாப்பாட்டில் பாதியைப் பிடுங்கி, தினமும் ஊசி குத்தி, அவரை அழவைப்பதற்குப் பதிலாக, இருக்கிறவரை இனிப்பாக இருக்கட்டும் என்று விட்டேன். இப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கொள்வது.

கடைசி நாட்களில் அவர் மூச்சில் பழ வாசம் அடித்தது. கனிந்து அழுகப்போகிற அன்னாசியின் வாசம். "தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சு மூச்சே மணக்குது பாரு" என்று உம்மு சல்மா அவர் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது லாத்தாவுக்கு நினைவில்லை. மறுநாள் மவுத்தானார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

மோதிரத்தை ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து மகளுக்கு அனுப்பிவைத்தேன். அந்த விஷயத்தில் நான் சுத்தம். ஆனாலும் மோதிரம் போன பிறகுதான் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மத்தியானம் அடுப்படியில் நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால், கிண் கிண். பயமாக இருக்கும். ஒரு குவளை ஊற்றி மேசையில் வைத்தால் நின்றுவிடும். சாயங்காலம் எடுத்துக் கொட்டிவிடுவேன். அதில் மட்டும் எறும்பு ஏறாது. இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

போன மாதம் லாத்தாவின் மகள் சாயிரா பானு வந்துவிட்டாள். அவள் மாப்பிள்ளைக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. வீடு கிடைக்கும்வரை இருவரும் எங்களோடு. சின்னம்மா என்ற முறையில் என்னைச் சாச்சி என்று கூப்பிடுகிறாள். அம்மாவின் அதே குரல். கடையிலிருந்து வந்ததும் என் கணவர் இப்போது அவளைத்தான் தேடுகிறார். அவள் வந்ததிலிருந்து அடுப்படியில் அந்தச் சத்தம் இல்லை.

சென்ற ஞாயிறு பெண்கள் கூடினார்கள். "அப்புடியே ருக்கையா லா. வூட்டுக்குப் பெரிய மனுசி திரும்பி வந்தாச்சு" என்றாள் உம்மு சல்மா. நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவளே, "புள்ள ஏன் இப்புடி எளைச்சுப் போச்சு? டாக்டர்ட்ட காட்டு" என்றாள்.

சாயிரா சிரித்துக்கொண்டே குவளையைக் காலி செய்தாள். விரலில் பச்சைக் கல் மோதிரம். கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். "இன்னும் கொஞ்சம் தாங்க சாச்சி. என்னமோ தாகம் அடங்கவே மாட்டேங்குது."

ஊற்றினேன்.

நாளைக்கு அதே டாக்டரிடம் போகிறோம். அவருக்குத் தலை நரைத்துவிட்டது, என்னை நினைவிருக்காது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. ஊரில் தமிழ் மட்டும் படித்த சாயிராவுக்கு ஆங்கிலமும் தெரியாது, மலாயும் தெரியாது. இந்தத் தடவை டாக்டர் சொல்வதை உள்ளபடியே சொல்லிவிடுவேன். அதைத் தீர்மானித்துவிட்டேன். அதனால்தான் இதையெல்லாம் இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடிகிறது.

இன்றைக்கும் ஞாயிறு. அவர்கள் வருகிற நேரம். ஜாடியைக் குளிர்பெட்டியில் வைக்குமுன் வழக்கம்போல ருசி பார்த்தேன். நாக்கில் ஒட்டுகிற மாதிரித் திகட்டியது. அதற்கு மேலும் ஒரு கை கற்கண்டைக் கரைத்துவிட்டுத்தான் மூடினேன். குளிர்ந்துவிட்டால் அவளுக்குத் தெரியாது.